அடுப்படியில் நின்ற சாட்சி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1785இல் நிறைவேற்றிய அடிமைகள் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. கறுப்பரோ கலப்பினத்தவரோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூடாது. கறுப்பர் மீது அரசு தொடுக்கும் வழக்கிலும், இரு தரப்பும் கறுப்பராகவே இருக்கும் உரிமையியல் வழக்கிலும் மட்டும் சொல்லலாம். அடிமையா, விடுதலை பெற்றவரா என்ற வேறுபாடுகூட அந்த வரியில் கிடையாது. 21 ஆண்டுகள் கழித்து, 1806 செப்டம்பரில், ரிச்மண்ட் நகரத்தில் நடந்த ஒரு கொலை வழக்கு இந்த வரியில் வந்து முட்டி நின்றது. இறந்தவர் ஜார்ஜ் வித். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர், உயில், சொத்து வழக்குகளை ஜூரி இல்லாமல் தீர்க்கும் ரிச்மண்ட் சான்சரி நீதிமன்றத்தின் நீதிபதி. காலைக் காபியில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர் வீட்டுச் சமையற்காரர் லிடியா பிராட்நாக்ஸ். லிடியா கறுப்பினப் பெண். அவர் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'விதியின் விளையாட்டு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவுதான் உறுத்துகிறது. விதிக்கு இதில் வேலையே இல்லை. அந்த வரி சட்டப் புத்தகத்துக்குள் வந்தது ஒரு சீர்திருத்தக் குழுவின் வரைவிலிருந்து. வரைவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய கடிதத்தின் கீழ் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. ஒன்று ஜெஃபர்சனுடையது, மற்றது வித்துடையது. நல்ல மனிதர், அடிமை முறையை வெறுத்தவர், சட்டத்தில் அன்றைய அமெரிக்காவில் அவருக்கு இணை தேடுவது கடினம். அப்படிப்பட்டவர் கை அந்த வரியின் மேல் எப்படிப் பட்டது என்பதுதான் கேள்வி.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ளலாம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'வைத்' என்று வாசிக்கத் தோன்றும். ஊரார் உச்சரித்தது 'வித்'. அவர் மாமனார் குடும்பப் பெயர் இதைவிட மோசம். 'டாலியாஃபெரோ' என்று எழுதுவார்கள், 'டாலிவர்' என்று கூப்பிடுவார்கள். வித் பிறந்தது 1726இல், வர்ஜீனியாவின் கடலோரப் பகுதியில் செஸ்டர்வில் என்ற பண்ணையில். மூன்று வயது வாக்கில் தந்தை போய்விட்டார். பண்ணை அண்ணனுக்கு, இளையவனுக்குக் கையில் ஒன்றும் இல்லை. படிப்பு தாய் மார்கரெட்டிடம். அந்தத் தாயின் தாத்தா ஜார்ஜ் கீத், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் அச்சான முதல் அடிமை எதிர்ப்புத் துண்டறிக்கை 1693இல் கீத்தின் தரப்பிலிருந்து வந்தது. கொள்கை ரத்தத்தில் வரும் என்று நம்புகிறவன் இல்லை நான். ஆனால் அந்த வீட்டில் இந்தப் பேச்சு புதிதாக இருந்திருக்காது.

சித்தப்பா முறையில் ஒரு வக்கீலிடம் சிறிது காலம் எடுபிடி வேலை, பிறகு 1746இல் வக்கீல். 1747 டிசம்பரில் ஆன் லூயிஸ் என்ற பெண்ணோடு திருமணம். எட்டே மாதத்தில் அவர் இறந்துபோனார். 1755 வாக்கில் எலிசபெத் டாலியாஃபெரோ. வில்லியம்ஸ்பர்கில் ஆளுநர் மாளிகைப் பக்கம் இன்றும் நிற்கும் செங்கல் வீடு மாமனார் கொடுத்தது. அதுவும் ஆயுள் முழுக்க இருந்துகொள்ளும் உரிமை மட்டும், சொத்து டாலியாஃபெரோ வாரிசுகளுக்கே. அண்ணன் 1755இல் இறந்தபோது செஸ்டர்வில் பண்ணை இவருக்கு வந்தது, அதனுடன் அடிமைகளும். எலிசபெத்துக்குப் பிறந்த ஒரே குழந்தை தங்கவில்லை. 1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்ட மாநாடு நடந்துகொண்டிருக்கையில், அதற்கு நடைமுறை விதிகள் எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று பாதியில் ஊர் திரும்பினார். ஆகஸ்டில் எலிசபெத் இறந்தார். அதே ஆண்டில்தான் லிடியாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். விடுதலை பெற்ற பிறகும் லிடியா கூலிக்கு அதே வீட்டில் சமைத்தார். 1791இல் வித் ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்தபோது உடன் போனார்.

பிள்ளை இல்லாத வீடு என்று சொல்ல முடியாதபடி அங்கே எப்போதும் மாணவர்கள் இருந்தார்கள். ஜெஃபர்சன் 1762இல் வந்து ஐந்து ஆண்டு படித்தார். 1779 டிசம்பரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி உருவானபோது அதில் அமர்ந்தவர் வித். விரிவுரை ஒரு பக்கம் இருக்க, காலியாகக் கிடந்த பழைய சட்டமன்றக் கட்டடத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய் பயிற்சிக்காக மாதிரி வழக்கு நடத்த வைப்பார், மசோதா எழுதி விவாதிக்க வைப்பார். 1780இல் சில மாதம் வந்து கேட்டவர் ஜான் மார்ஷல், பின்னாளைய தலைமை நீதிபதி. அவர் குறிப்பேட்டில் சட்டக் குறிப்புகளுக்கு நடுவே 'பாலி' என்று காதலியின் பெயரைக் கிறுக்கி வைத்திருந்தது இன்னும் இருக்கிறது. ரிச்மண்டில் 16 வயதுப் பையன் ஒருவன் எழுத்தராக வந்தான். வித்தின் வலது கை முடக்குவாதத்தால் வளைந்துவிட்டதால் தீர்ப்புகளைப் படியெடுக்க ஆள் வேண்டியிருந்தது. தீர்ப்பின் நடுவே கிரேக்க மேற்கோள் வந்தால், ஓர் எழுத்தும் தெரியாத அந்தப் பையன் கோடு கோடாகப் பார்த்து வரைந்து வைப்பான். அவன்தான் பின்னாளில் அமெரிக்க அரசியலில் பெரும் பெயரெடுத்த ஹென்றி கிளே.

பழைய சொல்லை வைத்துக்கொள்வோம்

1776 இறுதியில் வர்ஜீனியா தன் சட்டம் முழுவதையும் திருத்தி எழுத ஐந்து பேரை நியமித்தது. 1777 ஜனவரியில் பிரெடரிக்ஸ்பர்கில் கூடினார்கள். முதல் கேள்வியே அடிப்படையானது. பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு முழுத் தொகுப்பு எழுதுவதா, இருப்பதை வைத்துக்கொண்டு தேவையான இடத்தில் மட்டும் கை வைப்பதா? பழமைவாதி என்று பெயரெடுத்த எட்மண்ட் பெண்டில்டன் புதிதாக எழுதலாம் என்றார். ஜெஃபர்சன் மறுத்தார். அவர் வாதம் தொழில் தெரிந்தவனின் வாதம். புதிதாக எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்ன என்று வழக்கு வரும். நீதிமன்றங்கள் தீர்த்துவைக்கத் தலைமுறைகள் ஆகும். பழைய சொல்லுக்குப் பொருள் ஏற்கெனவே தீர்ந்திருக்கிறது. வித் அவர் பக்கம் நின்றார். அந்த ஓட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். வரைவு எழுதுகிற எவரும் இன்றும் இதையே சொல்வார்கள், சரியாகவும் இருக்கும். ஆனால் பழைய சொல்லை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், அந்தச் சொல்லுக்குள் குடியிருப்பதும் கூடவே வந்துவிடும்.

ஐவரில் ஒருவர் இறந்தார், ஒருவர் விலகினார். மிஞ்சிய மூவர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பழைய ஆங்கிலச் சட்டங்கள் ஜெஃபர்சனுக்கு. அதற்குப் பிந்தைய பிரிட்டிஷ் சட்டங்கள் வித்துக்கு. வர்ஜீனியாவே இயற்றியவை பெண்டில்டனுக்கு. அடிமைகள் பற்றிய சட்டங்கள் மூன்றாவது பங்கில் வரும் என்பதால் வித்தைத் தப்பவிட நினைக்கலாம். தப்ப முடியாது. 1779 பிப்ரவரியில் வில்லியம்ஸ்பர்கில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக வாசித்துத் திருத்தினார்கள். ஜூன் 18ஆம் தேதி 126 மசோதாக்கள் சட்டமன்றத்துக்குப் போயின. 51ஆம் மசோதா அடிமைகள் பற்றியது. கறுப்பர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்பது 1705லிருந்தே அங்கே சட்டம். அதைச் சுருக்கி, மிகை நீக்கி, தெளிவான ஒரே வாக்கியமாக 51இல் வைத்தார்கள். நடை அழகாகத்தான் இருக்கிறது.

ஜெஃபர்சன் முதுமையில் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். அந்த மசோதா இருந்த சட்டங்களின் சுருக்கம் மட்டுமே. படிப்படியான விடுதலைக்கு ஒரு திட்டமும் தயாராக இருந்தது. ஆனால் அதை வரைவில் காட்டாமல், மசோதா விவாதத்துக்கு வரும்போது திருத்தமாகக் கொண்டுவரலாம் என்று வைத்திருந்தார்கள். அரசியலில் இது பழகிய உத்திதான். முன்கூட்டிக் காட்டினால் எதிரிகள் திரண்டுவிடுவார்கள். ஆனால் சுதந்திரப் போர் குறுக்கே நின்றது, மசோதாக்கள் தூங்கின. 1785இல் ஜேம்ஸ் மேடிசன் தூசு தட்டி எடுத்து அவற்றைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றத் தொடங்கினார். அப்போது ஜெஃபர்சன் பிரான்ஸில் தூதர். வித் நீதிபதி, நீதிபதி சட்டமன்றத்தில் உட்கார முடியாது. விடுதலைத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டிய இருவரும் அவையில் இல்லை என்பதை மறு ஆண்டே ஜெஃபர்சன் ஒரு பிரெஞ்சு எழுத்தாளருக்கு விளக்கி எழுதினார். திருத்தம் வரவில்லை. மசோதா வந்தது, சட்டமானது.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். வரைவில் எழுதியது தாளில் இருந்தது. எழுதாமல் விட்டது இரண்டு பேர் மனத்தில் இருந்தது. தாளுக்கு ஆள் வர வேண்டிய அவசியம் இல்லை. ஆறு ஆண்டு கழித்து யாரோ எடுத்து நீட்டினாலும் அது சட்டமாகும். மனத்தில் வைத்திருந்த திருத்தத்துக்கு அந்த நாளில் அந்த அவையில் ஆள் நிற்க வேண்டும். சட்டம் எழுதியே பழகிய இரண்டு பேருக்கு இது தெரியாதா?

நீதிபதி இருக்கையில் ஒரு முயற்சி

தெரிந்திருந்தது போலத்தான் அவரது பிந்தைய தீர்ப்புகள் இருக்கின்றன. சான்சரி நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. உயில், பொறுப்புரிமை, பங்குப் பிரச்சினை, மோசடி ஆகியவை அங்கே வரும். சாட்சியம் எழுத்தில் வரும். நீதிபதி படித்து, நியாயம் எது என்று தாமே முடிவு சொல்வார். தனி ஒரு மனிதரின் மனச்சாட்சிக்கு இடம் கொடுக்கும் நீதிமன்றம் அது ஒன்றுதான். பிளெசண்ட்ஸ் குடும்ப வழக்கில் ஒரு குவேக்கர் 1771இல் இறக்கும்போது, சட்டம் அனுமதிக்கும் நாளில் தன் அடிமைகள் விடுதலையாக வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். 1782இல் சட்டம் அனுமதித்தது. வாரிசுகள் சிலர் விடவில்லை. வித் விடுதலை கொடுத்ததோடு நிற்காமல், அநியாயமாகப் பிடித்து வைத்திருந்த காலத்து உழைப்புக்குக் கணக்குப் பார்த்துப் பணம் கொடு என்றார். 1799இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலையை வைத்துக்கொண்டு பணத்தை வெட்டிவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தலைவர் அதே பெண்டில்டன். தம் தீர்ப்புகளை அவர் மாற்றுவது பொறுக்காமல் வித் 1795இல் ஒரு தீர்ப்புத் தொகுப்பையே அச்சிட்டு, மேல்நீதிமன்றம் எங்கே தவறியது என்று அதில் வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். ஒரு நீதிபதி இப்படிச் செய்வது அன்றும் அழகாகக் கருதப்படவில்லை.

கடைசி பெரிய வழக்கு ரைட் குடும்பத்துப் பெண்களுடையது. பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை. ஹட்ஜின்ஸ் என்பவர் தன் அடிமைகள் என்று சொல்லி அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பப் பார்த்தார். தாங்கள் அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஒருத்தியின் வழிவந்தவர்கள், ஆகவே சுதந்திரர் என்பது அவர்கள் வாதம். வித் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அதற்கு அந்த வம்சாவளி ஒன்றே போதும். ஆனால் இன்னொரு காரணமும் சேர்த்தார். எல்லா மனிதரும் இயல்பிலேயே சமமாகச் சுதந்திரர் என்று வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு சொல்கிறது; ஆகவே சுதந்திரம் என்பது பிறப்புரிமை; ஒருவரை அடிமை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பது வறட்டு நடைமுறைக் கேள்வி போலத் தெரியும். கறுப்பர் சாட்சி சொல்ல முடியாத ஊரில் அதுதான் எல்லாமே. தன் தாய் யார், பாட்டி யார் என்று சொல்லக்கூடிய சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வாயும் சட்டத்தால் கட்டப்பட்டிருக்கும்போது, நிரூபி என்று அவரிடம் சொல்வது முடியாததைக் கேட்பது. சுமையை எதிர்ப்பக்கம் மாற்றினால் 51ஆம் மசோதாவின் அந்த வரி பாதி செத்துப்போகும். மேல்முறையீட்டுத் தீர்ப்பு வருவதற்குள் அவரே இறந்துவிட்டார்.

உயிலில் ஒரு ஓட்டை

1803 ஏப்ரலில் எழுதிய உயிலில் ரிச்மண்ட் வீட்டையும் வங்கிப் பங்குகளையும் நண்பரும் பக்கத்து வீட்டுக்காரருமான வில்லியம் டூவாலின் பொறுப்பில் விட்டார். வாடகையும் வட்டியும் லிடியா, பெஞ்சமின் என்ற விடுதலை பெற்ற வேலைக்காரர், மைக்கேல் பிரவுன் என்ற கலப்பினச் சிறுவன் ஆகிய மூவரின் பிழைப்புக்கு. மைக்கேல் அந்த வீட்டிலேயே வளர்ந்த, சுதந்திரனான பையன். வித் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவன் படிப்பை மேற்பார்க்கும்படி குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சனை உயிலிலேயே கேட்டுக்கொண்டார். மைக்கேல் வித்துக்கும் லிடியாவுக்கும் பிறந்தவன் என்றொரு வதந்தி பிற்காலத்தில் கிளம்பி இன்றுவரை ஓடுகிறது. லிடியாவின் வயதை வைத்துப் பார்த்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. ஒரு கிழவர் ஒரு பையனுக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுக்க ரத்த உறவு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அவரது மாணவர் பட்டியலைக் காட்டலாம்.

மிச்சச் சொத்து சகோதரியின் பேரனுக்கு. அவன் பெயரும் ஜார்ஜ் வித் ஸ்வீனி. தாத்தாவின் பெயரை வைத்து, தாத்தா வீட்டிலேயே தங்கியிருந்த, இருபதைத் தொடாத இளைஞன். சூதாட்டம், கடன், தாத்தாவின் சட்டப் புத்தகங்களைத் திருடி விற்பது என்று போய்க்கொண்டிருந்தான். பெஞ்சமின் இறந்துவிட்டதால் 1806 தொடக்கத்தில் வித் உயிலில் இணைப்புகள் சேர்த்தார். வங்கிப் பங்கில் பாதி மைக்கேலுக்கு, மறுபாதி ஸ்வீனிக்கு. கூடவே ஒரு நிபந்தனை: மைக்கேல் வயதுக்கு வரும் முன் இறந்தால் அவன் பங்கும் ஸ்வீனிக்கே.

வக்கீல் கண்ணுக்கு இந்த நிபந்தனை உடனே குத்தும். பழைய ஆங்கிலச் சட்டத்தில், நில வாரிசான மைனருக்குக் காப்பாளராக நெருங்கிய உறவினரைப் போடும்போது ஒரு விதி உண்டு: அந்தப் பிள்ளை இறந்தால் சொத்து யாருக்குப் போகுமோ, அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. ஆட்டுக்குட்டியை ஓநாயிடம் விடுவதற்குச் சமம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அந்த விதியை மாணவர்களுக்கு நடத்தியிருக்கக்கூடிய மனிதர், தன் வீட்டில் இரண்டு பையன்களை ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு, ஒருவன் சாவில் மற்றவனுக்கு லாபம் வரும்படி எழுதினார். ஸ்வீனி காப்பாளன் அல்ல, உண்மைதான். சட்டம் தவறவில்லை, எச்சரிக்கை தவறியது. ஊரார் குடும்பச் சண்டைகளை முப்பது ஆண்டு தீர்த்துவைத்தவருக்குச் சொந்த வீட்டுப் பிள்ளையைச் சந்தேகிக்க மனம் வரவில்லை போலும்.

மே 25

1806 மே 25, ஞாயிற்றுக்கிழமை. வித் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து குளிர்ந்த தண்ணீரில் குளிப்பவர். எண்பது வயதிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. லிடியா அடுப்படியில் இருந்தார். ஸ்வீனி வந்து அவசரமாகப் போக வேண்டும் என்று சொல்லி, கெண்டியிலிருந்து தானே காபி ஊற்றிக் குடித்துவிட்டு, சிறிய வெள்ளைக் காகிதம் ஒன்றை நெருப்பில் போட்டுவிட்டுப் போனான். லிடியா அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழவருக்குக் காபி கொடுத்தார், மைக்கேலுக்குக் கொடுத்தார், தானும் குடித்தார். சற்று நேரத்தில் மூவருக்கும் வயிற்றைப் பிசைந்து வாந்தியும் பேதியும் தொடங்கின. இந்த விவரம் இவ்வளவு துல்லியமாக நமக்குக் கிடைப்பது 1856இல் ஜான் டவ் என்ற ரிச்மண்ட் மருத்துவர் நினைவிலிருந்து எழுதிவைத்த குறிப்பில். ஐம்பது ஆண்டு பழசு. லிடியா சொன்னதை நீதிமன்றம் சத்தியம் வாங்கி எழுதிக்கொண்டிருந்தால் இன்று நம்மிடம் அவர் வார்த்தைகளே இருந்திருக்கும். சாட்சியை அடைத்த வரி வரலாற்றாசிரியர்களின் வாயையும் சேர்த்து அடைத்தது.

மூன்று நாளுக்குள் இன்னொரு விஷயம் வெளிவந்தது. வித்தின் கையெழுத்தைப் போட்டு வர்ஜீனியா வங்கியில் ஸ்வீனி காசோலைகள் மாற்றியிருந்தான். மே 27ஆம் தேதி கள்ளக் கையெழுத்துக்காகக் கைதானான். தாத்தா ஜாமீன் கொடுக்கவில்லை. படுக்கையில் இருந்தபடி, நீதிமன்றத்தில் தம் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் வழக்காளிகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஜூன் 1ஆம் தேதி காலை மைக்கேல் இறந்தான். அன்றே வித் வக்கீல் எட்மண்ட் ராண்டால்ஃபை வரவழைத்து உயிலுக்குக் கடைசி இணைப்பை எழுதவைத்தார். ஸ்வீனிக்கு எழுதியது அனைத்தும் ரத்து. அது அவன் உடன்பிறந்தவர்களுக்கு. இதை ஆத்திரத்தில் செய்த காரியம் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறார்கள். கொலைகாரன் தான் கொன்றவரின் சொத்தை எடுக்கக் கூடாது என்ற விதியை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அழுத்தமாகச் சொன்னது 1889இல், நியூயார்க்கின் ரிக்ஸ் வழக்கில். அதிலும் தாத்தாவுக்கு விஷம் வைத்த பேரன்தான். 1806இல் அப்படி ஒரு துணை இல்லை. அதுவும் ஸ்வீனி விடுதலையாகப் போகிறான். குடல் எரிந்துகொண்டிருந்த நிலையில் ஒரு சான்சரி நீதிபதி எடுத்த மிகச் சரியான நடவடிக்கை அந்த இணைப்பு. ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்தார். தாம் கொல்லப்பட்டதாக அவரே சொல்லியிருந்தார்.

பிரேதப் பரிசோதனை நடந்தது. மருத்துவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்களில் ஜேம்ஸ் மக்ளர்க் 1787 மாநாட்டுக்கு வித்தோடு வர்ஜீனியாவிலிருந்து போனவர். வயிறும் குடலும் வீங்கிச் சிவந்திருந்தன. ஆனால் ஆர்சனிக்கின் அறிகுறியும் கடுமையான பித்தக் கோளாற்றின் அறிகுறியும் அந்தக் காலத்தில் பிரித்துச் சொல்ல முடியாதவை. கோடைக்கால வாந்திபேதி அங்கே வருடந்தோறும் வரும். உடலிலிருந்து ஆர்சனிக்கை நம்பும்படி பிரித்துக் காட்டும் மார்ஷ் சோதனை 1836இல்தான் வந்தது. அதுவரை இருந்தது, சந்தேகப்பட்ட பொடியைத் தணலில் தூவினால் பூண்டு வாசம் வருகிறதா என்று பார்க்கும் சோதனை போன்றவை. அதற்கும் பொடி கையில் இருக்க வேண்டும். அடுப்பில் எரிந்த காகிதம் உதவாது. எலிப் பாஷாணம் எந்தக் கடையிலும் கிடைக்கும். வெந்நீரில் நன்றாகக் கரையும், காபியில் கலந்தால் ருசியும் காட்டாது.

செப்டம்பர்

விசாரணையில் அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் பிலிப் நோர்போர்ன் நிக்கலஸ். வித்தோடு சான்சரியில் அமர்ந்த பழைய நீதிபதி ஒருவரின் மகன். எதிர்த்தரப்பில் வில்லியம் வர்ட்டும், வியக்க வைக்கும்படி, எட்மண்ட் ராண்டால்ஃபும். ஜூனில் கிழவரின் படுக்கையருகே உட்கார்ந்து ஸ்வீனியின் பெயரை அடித்தவர், செப்டம்பரில் ஸ்வீனிக்காக எழுந்து நின்றார். வக்கீல் தொழிலை அறிந்தவர்கள் இதில் முகம் சுளிக்க மாட்டார்கள்; மற்றவர்களுக்கு விளக்குவது சிரமம்.

அரசுத் தரப்பிடம் என்ன இருந்தது? வித் தாம் கொல்லப்பட்டதாகச் சொன்னார். ஆனால் காகிதத்தை அவர் பார்க்கவில்லை. அவர் சொன்னது அவருடைய முடிவு. நம் நீதிமன்றங்களில் மரண வாக்குமூலத்தைக் குறுக்குவிசாரணை செய்யும் எவரும் முதலில் கேட்பது அதைத்தான்: இறந்தவர் தாமே கண்டாரா? சிறையின் மதில் பக்கம் வீசப்பட்டிருந்த பொட்டலத்தில் ஆர்சனிக் கிடந்தது; அதைக் கண்டெடுத்தது சிறையதிகாரி வீட்டுக் கறுப்பினப் பணிப்பெண். அவளும் கூண்டில் ஏற முடியாது. லிடியாவோ அவளோ சொன்னதைக் கேட்ட வெள்ளையர் வந்து சொன்னால் அது செவிவழிச் சாட்சியம். மருத்துவர்கள் உறுதியாகச் சொல்ல மறுத்தார்கள். வித்தின் கொலையில் ஸ்வீனி குற்றவாளி அல்ல என்று ஜூரி சொன்னது. மைக்கேலின் கொலை வழக்கு நடக்கவே இல்லை. கள்ளக் கையெழுத்தில் தண்டனை வந்தது, அதுவும் நிற்கவில்லை. தனியாரை ஏமாற்றுவதைத் தண்டித்த 1789 சட்டம் வங்கியைக் குறிப்பிடவில்லை என்றார்கள். வர்ஜீனியா வங்கியோ 1804இல்தான் பிறந்தது. ஸ்வீனி மேற்கே டென்னசி பக்கம் போய்விட்டான்.

எல்லாப் பழியையும் அந்த ஒரு வரியின் மேல் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். லிடியா கூண்டில் ஏறியிருந்தாலும் பன்னிரண்டு வெள்ளையர் நம்பியிருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்? அவர் பார்த்ததும் ஒரு காகிதத்தை, பொடியை அல்ல. மருத்துவர்கள் கைவிட்ட வழக்கு அது. ஆனால் அந்தக் காகிதத்தை ஆர்சனிக் பொட்டலத்தோடும் கள்ளக் காசோலையோடும் உயிலின் நிபந்தனையோடும் கோத்துப் பார்க்கும் வாய்ப்பே ஜூரிக்குக் கிடைக்கவில்லை. சங்கிலியின் முதல் கண்ணியும் நடுக் கண்ணியும் கறுப்பினப் பெண்கள் கையில் இருந்தன.

நவம்பரில் ரைட் பெண்களின் மேல்முறையீடு முடிவானது. தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர் செயின்ட் ஜார்ஜ் டக்கர்: வித்தின் மாணவர், வில்லியம் அண்ட் மேரியில் வித்தின் நாற்காலிக்கு வந்தவர், 1796இல் படிப்படியான விடுதலைத் திட்டம் ஒன்றை அச்சிட்டவர். அந்தப் பெண்கள் பழங்குடி வழிவந்தவர்கள் என்ற காரணத்தால் அவர்களின் விடுதலையை உறுதிசெய்தார். ஆசிரியர் சொன்ன மற்றக் காரணத்தை வெட்டி எறிந்தார். உரிமைப் பிரகடனம் எழுதப்பட்டது சுதந்திரக் குடிமக்களை மனத்தில் வைத்தே, அடிமைச் சொத்தைப் பறிக்க அல்ல என்றார். பார்வைக்கு வெள்ளையராகவோ பழங்குடியாகவோ இருந்தால் நிரூபிக்கும் சுமை அவரைத் தன் அடிமை என்று சொல்பவர் மேல். கறுப்பராக இருந்தால் சுமை அவர் மேலேயே. தலைமுடி எப்படி, மூக்கு எப்படி என்று பார்ப்பதைப் பற்றி அந்தத் தீர்ப்பில் அவர் எழுதியிருப்பதைப் படித்தால், அவர் கையில் 51ஆம் மசோதா தேவையே இல்லை என்று தோன்றும்.

லிடியா பிழைத்துக்கொண்டார், கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. 1807 ஏப்ரல் 9ஆம் தேதி அவர் பெயரில் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் போனது. நஞ்சுக்குப் பின் கண் தெரியவில்லை, உழைத்துப் பிழைக்க முடியவில்லை, உதவி வேண்டும். மைக்கேலின் படிப்புக்குப் பொறுப்பேற்கத் தயாராக இருந்த குடியரசுத் தலைவர் கடிதத்தைப் படித்து, டூவால் வழியாக 50 டாலர் அனுப்பினார்.